முப்பத்தொரு கொக்கி

தண்ணீர் நிலையத்து மோட்டார் உறும ஆரம்பித்தால், நிலையப் பொறுப்பாளன் ஜாசிப் முதலில் வோல்ட் மீட்டரைத்தான் பார்ப்பான். ஓடுகிற சத்தம் வேறு, உறுமல் வேறு. நல்ல வோல்ட்டில் ஓடுகிற மோட்டார் தன் பாட்டுக்கு ஒரே சுருதியில் ஓடிக்கொண்டு கிடக்கும். பக்கத்திலேயே பாயைப் போட்டுத் தூங்கலாம். வோல்ட் விழுந்தால் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கும், உடம்பு கொதிக்கும், பிறகு வார்னிஷ் கருகுகிற வாடை வரும். வாடை முற்றிவிட்டால் அப்புறம் அழுவதற்குத்தான் நேரம் இருக்கும். இரண்டு மோட்டாரில் ஒன்று ஜூன் மாதத்தில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் எரிந்தால் அடுத்த வருஷ பட்ஜெட்டில்தான் பார்க்க முடியும் என்று தலைமை அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அதாவது, கோடை முழுக்க உம் நக்லா ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அந்த ஜூலை மத்தியானம் மீட்டர் முள் முன்னூற்றுப் பத்தில் நின்றது. முன்னூற்று எண்பதில் நிற்க வேண்டிய முள்.

“கை வைக்க முடியல, அபூ ரியாம்!” என்று கத்தினார் முத்தஷ்ஷர். முப்பது வருஷம் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே முக்கால் காது போன மனிதர். தனக்குக் கேட்காததால் உலகத்துக்கே கேட்காது என்று நினைத்துக் கத்தித்தான் பேசுவார். மோட்டாருக்கு உடம்பு சரியில்லையா என்று உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பார். “நிறுத்திடவா?”

“நிறுத்துனா திரும்பக் கெளம்புமா? உங்களுக்குத் தெரியாததா அண்ணே!”

அதுதான் சங்கடம். நின்ற மோட்டாரைக் கிளப்ப, ஓடுவதற்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு கரண்ட் வேண்டும். இந்த லைனில் அதற்கு வழியே இல்லை. நிறுத்தினால் ராத்திரி வரைக்கும் ஊர் காயும். ஓட்டினால் மோட்டார் கருகும். தானாக நிறுத்துகிற ரிலே ஒன்று இருந்தது. அது செத்து இரண்டு வருஷம் ஆகிறது, கேட்டால் “வரும், வரும்” என்பார்கள். ஜெனரேட்டரும் இருக்கிறது, இல்லாமலா? அதன் ரேடியேட்டரை ரிப்பேருக்கென்று போன வருஷம் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஜெனரேட்டருக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.

ஊருக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் வரும், நாலு மணி நேரம் போகும். தண்ணீர் நிலையத்துக்கு மட்டும் கட் ஆகாத தனிக் கம்பி. அவசர லைன் என்று அதற்குப் பெயர். அந்தக் கம்பி மின்மாற்றியிலிருந்து ஊருக்கு நடுவே புகுந்து வருகிறதே, அங்கேதான் பிடித்தது சனியன். வாசலுக்கு மேலே அணையாத கம்பி ஒன்று போனால் எவன் சும்மா இருப்பான்? முதலில் ஒருத்தன் ஒரு ஒயரை வளைத்துக் கொக்கியாகப் போட்டான். குழந்தைக்கு ஒரே ஒரு மின்விசிறி என்றான். சரி, பாவம் என்று விட்டார்கள். அடுத்த வீட்டுக்காரன் குளிர்சாதனப் பெட்டி என்றான். அதற்கடுத்தவன் கேட்கவே இல்லை. இந்தக் கோடையில் ஊரின் பாதி ஏசி அவசர லைனில்தான் குளிர்ந்துகொண்டிருக்கிறது. ‘தண்ணி வரல, தண்ணி வரல’ என்று ஜாசிபை வழிமறித்துத் திட்டுகிறவர்களும் அதே ஆட்கள்தான். திட்டிவிட்டு வீட்டுக்குள் போய் ஏசியில் படுத்துக்கொள்வார்கள்.

போன் அடித்தது. ரியாம். மூத்த மகள், அவள் பெயரை வைத்துத்தான் ஊரே அவனை அபூ ரியாம் என்கிறது. போன வருஷம் கல்யாணமாகி, குழாயின் கடைக்கோடியில் இருக்கிற தெற்குத் தெருவில் வாழப் போனவள். கையில் மூன்று மாதக் குழந்தை.

“அப்பா, இன்னிக்காவது வருமா?”

“பாக்குறேன்மா.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. என் மாமியார் தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்றாங்க. தண்ணிக்காரன் மகளைக் கட்டிட்டு வந்தோம், கக்கூஸுக்கு ஊத்தத் தண்ணி இல்லன்னு.”

ஜாசிப் பல்லைக் கடித்துக்கொண்டான். மாமியார் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம்.

மறுநாள் காலையில் மின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தான். கடிதம் எழுதினான், முத்திரை வாங்கினான், கொக்கிகளைப் பிடுங்க ஒரு லைன்மேனையும் கூட்டிக்கொண்டு வந்தான். லைன்மேன் முதல் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். பிறகு சுற்றிலும் இருந்த வாசல்களைப் பார்த்தான்.

“இது யார் வீடு?”

“யார் வீடா இருந்தா உனக்கென்ன? பிடுங்கு.”

“அண்ணே, எனக்கு நாலு புள்ளைங்க. ஏணியை வேணா பிடிச்சுக்குறேன்.”

ஏணியைத்தான் பிடித்துக்கொண்டான், மகராசன். ரப்பர் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, நீள மூங்கில் கழியோடு ஜாசிபே ஏறினான். ஐம்பத்திரண்டு வயசு, நாற்பத்தெட்டு டிகிரி வெயில். கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கி, முப்பத்தொரு கொக்கிகளைத் தட்டிவிட்டான். ஜன்னல்களிலிருந்து வந்த வசவைச் சொல்லி மாளாது. அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நிலையத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் முள் முன்னூற்று எழுபத்தைந்து! மோட்டார் பாடுகிறது! முத்தஷ்ஷர் அதன் மேல் கையை வைத்தபடி, பேரனைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அன்று ரியாம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மூன்று நாள் ஓடியது தண்ணீர். மூன்றே நாள்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று ஹஜ்ஜி லஃப்தாவினுடையது. லஃப்தா தன் வீட்டு முற்றத்தில் பெரிய தொட்டிகள் கட்டிக் கெண்டை மீன் வளர்க்கிறவர். தொட்டிக்குள் ராவும் பகலும் காற்று ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஊதல் நின்றால் ஒரு மணி நேரத்தில் மீன் கதை முடிந்தது. ஜாசிப் கொக்கியைத் தட்டிய அன்று லஃப்தா குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தபோது அறுநூறு கெண்டையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

நாலாம் நாள் காலையில் நிலையத்தின் இரும்புக் கதவில் சிவப்புப் பெயின்ட்டில், ஆள் உயரத்துக்கு, எழுதியிருந்தது: ‘ஜாசிப் எங்கள் குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.’

நம் பக்கத்தில் இந்த எழுத்து ஒரு வாசலில் விழுந்துவிட்டால், பஞ்சாயத்துப் பேசி முடிகிற வரைக்கும் அந்த வாசலை வேற்றாள் மிதிக்க மாட்டான். கொலை, ஆள் கடத்தல், நிலத் தகராறு எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள். மீனுக்கு எழுதியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கென்று பார்த்துக் குளோரின் லாரி வந்தது. டிரைவர் கதவைப் படித்தான். ரிவர்ஸ் எடுத்தான். ஜாசிப் பின்னாலேயே ஓடினான்.

“நில்லுப்பா! குளோரின் நாலு நாளைக்குத்தான் இருக்கு! ஊரே வாந்தி பேதியில படுத்துரும்!”

“முதல்ல உங்க விவகாரத்தை முடிங்கண்ணே. கொண்டுவந்து தாறேன்,” என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போயே போய்விட்டான்.

ஜாசிப் மின் அலுவலகத்துப் பொறியாளரம்மா ஸுஹாத்துக்குப் போன் போட்டான். நல்ல அம்மாதான். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அபூ ரியாம், இது குலத்து விவகாரம். இதை நான் எழுத்துல கொண்டுவர முடியாது.”

“மேடம், நான் எழுத்துல இருக்குற வேலையைத்தானே செஞ்சேன்? கடிதத்துல உங்க கையெழுத்து இருக்கு.”

“இருக்கு. அதை யாருக்கும் காட்டாதீங்க.”

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். திருடினவன் கோபப்படுகிறான், திருட்டைத் தடுத்தவன் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டவள் ஒளிந்துகொள்கிறாள். என்ன நியாயம் இது! பெரியப்பா ஷ்னாவாவிடம் போனால், அவர் விஷயத்தை முழுசாகக் கேட்பதற்கு முன்பே கைத்தடியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

“எத்தனை மீன்?”

“அறுநூறுங்குறாங்க.”

“போவோம். தலையைக் குனிஞ்சு உக்காரு. நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கிறேன்.”

“பெரியப்பா, அந்தாளு திருடினான்.”

“திருடின கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. செத்த மீனு தெரியும். எனக்கே படம் அனுப்பியிருக்கான், பாரு.”

படத்தைப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாய் வயிறுகள். அதைப் பார்த்ததும் அவனுக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. தெரிந்திருந்தால் சொல்லிவிட்டுத்தான் பிடுங்கியிருப்பான். ஆனால் சொல்லியிருந்தால் பிடுங்கவிட்டிருப்பார்களா? அது வேறு விஷயம்.

கதவில் எழுத்து விழுந்த அன்றே கொக்கிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏறிவிட்டன. இனி எவன் தொடுவான் என்ற தைரியம். நாலாவது நாள், குளோரின் தீர்கிற நாள், மத்தியானம் இரண்டு மணிக்குப் பஞ்சாயத்து என்று முடிவாயிற்று. தெற்குத் தெரு மறுபடி காய்ந்துகிடந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கு முள் ஏதோ போனால் போகிறதென்று முன்னூற்று எண்பதைத் தொட, ஜாசிப் மோட்டாரைக் கிளப்பிவிட்டான். முதலில் நிலையத்துத் தொட்டி நிரம்பியாக வேண்டும். “ரெண்டரைக்குத் தெற்கு வால்வைத் திறங்கண்ணே,” என்று முத்தஷ்ஷரிடம் சொன்னான். “அங்க தண்ணி ஏற ஒரு மணி நேரமாவது ஆகும். என்ன ஆனாலும் எனக்குப் போன் பண்ணுங்க.”

“வாடை வந்தா?”

“வராது,” என்றான். வரக் கூடாது என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.

பெரியப்பாவின் தலைமையில் இருபது பேர் போனார்கள். லஃப்தாவின் மைத்துனர் ஷேக் மிஜ்பிலின் முதீஃபில்தான் பஞ்சாயத்து. முதீஃப் என்றால் விருந்தாளிகளை உட்காரவைக்கிற நீளக் கூடம். அதில் ஏற்கெனவே அந்தக் குலத்து ஆட்கள் நாற்பது பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் ஜாசிபுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு குளிர். பெரியப்பா தோளில் கிடந்த மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஜாசிப் சுவரை அண்ணாந்து பார்த்தான். ஆறு ஏசி. மணி இரண்டு. ஊரில் கரண்ட் இல்லாத நேரம். ஷேக்கின் ஜெனரேட்டர் சத்தமும் இல்லை. வரும்போது டீக்கடை மின்விசிறி கூட நின்றுதான் கிடந்தது. அப்படியானால் இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? அவனுக்கு வயிறெரிந்தது. அவனுடைய மோட்டாரின் உயிரை உறிஞ்சி, அந்தக் குளிரில் அவனையே உட்காரவைத்து விசாரிக்கப் போகிறார்கள்!

கஹ்வா வந்தது, பால் இல்லாத கசப்புக் காப்பி. சின்னக் கோப்பை, இரண்டு வாய். இந்த மாதிரிப் பஞ்சாயத்துக்குப் போகிறவர்கள் அதை உடனே குடிக்க மாட்டார்கள். வாங்கித் தரையில் வைத்துவிடுவார்கள். வந்த காரியம் நிறைவேறும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தால்தான் எடுத்துக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் பேசியது பேசியதுதான், பிறகு இரண்டு பக்கமும் வார்த்தை மாறக் கூடாது. பெரியப்பா தன் கோப்பையைத் தரையில் வைத்தார். இருபது கோப்பைகள் தரைக்குப் போயின.

“குடிங்க, ஹஜ்ஜி ஷ்னாவா,” என்றார் ஷேக் மிஜ்பில். கனத்த உடம்பு, மெல்லிய குரல்.

“எங்க பையன் தெரியாம ஒரு தப்புப் பண்ணிட்டான். மன்னிச்சோம்னு நீங்க சொல்லாம எப்படிக் குடிக்குறது?”

தெரியாமல் என்ற சொல்லைக் கேட்டு ஜாசிபுக்குக் காது சுட்டது.

லஃப்தா எழுந்தார். மீனைப் பற்றிப் பேசினார். எப்படிப் பேசினார் என்கிறீர்கள்! குஞ்சாக வாங்கியதிலிருந்து, தன் கையால் தீனி போட்டது வரை. “என் கைய கண்டா மேல வரும்ங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ,” என்றபோது இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினார். நாற்பது பேரும் உச்சுக் கொட்டினார்கள். ஜாசிபின் பக்கத்து இருபது பேரும் சேர்ந்து உச்சுக் கொட்டினார்கள். அடக் கடவுளே!

ஜாசிபின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. முத்தஷ்ஷர் போன் பண்ணினால் முள் விழுகிறது என்று அர்த்தம். மூன்றாவது தடவை அதிர்ந்தபோது பெரியப்பா முழங்கையால் ஒரு இடி கொடுத்தார்.

நஷ்ட ஈடாக லஃப்தா கேட்டது பெரிய தொகை. வழக்கம்போல அது இறங்கியது. அல்லாவுக்காகக் கொஞ்சம், நபிக்காகக் கொஞ்சம், வந்த விருந்தாளிகளின் முகத்துக்காகக் கொஞ்சம். கடைசியில் ஷேக் கையை உயர்த்தினார்.

“மிச்சத்தையும் விட்டோம். காசே வேண்டாம். நம்ம ஊர்த் தண்ணிக்காரன்கிட்ட மீனுக்குக் காசு வாங்குனோம்னு எங்களுக்குப் பேர் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. இனிமே எங்க ஆளுங்க ஒயர்ல அவன் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“ஆகா! பெரிய மனசு!” என்றார் பெரியப்பா. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. காசு போகாமல் தப்பித்த சந்தோஷம். கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். சிரிப்பும் சலசலப்புமாக ஆகிவிட்டது கூடம்.

ஜாசிபின் கோப்பை மட்டும் தரையிலேயே இருந்தது.

முதலில் கஹ்வா ஊற்றுகிறவன் பார்த்தான். பிறகு லஃப்தா பார்த்தார். பேச்சு அடங்கியது.

“குடிடா,” என்று பெரியப்பா உதடு அசையாமல் சொன்னார்.

“எனக்கும் ஒரு கோரிக்கை இருக்கு, ஷேக்,” என்றான் ஜாசிப்.

“தப்புப் பண்ணவனுக்குக் கோரிக்கையா!” என்று ஒருவன் எகிறினான். “மீனைக் கொன்னுட்டு இங்க வந்து நிபந்தனை போடுறியா?” என்றான் இன்னொருவன். பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. ஷேக் மிஜ்பில் மட்டும் சிரித்தார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னத்தனமாக நடந்துகொள்ள அவரால் முடியாது.

“விடுங்கப்பா. இந்த முதீஃப்ல யார் கஹ்வாவும் ஆறினதில்ல, எங்க அப்பா காலத்துலேருந்து. கேளு, அபூ ரியாம். என்ன வேணும்னாலும் கேளு. தந்தேன்.”

என்ன வேண்டுமானாலும்! அந்த வார்த்தையை வாங்க ஊர் ஊராகத் தவம் கிடக்கிறார்கள். அவசர லைனை முழுசாக விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கோடை முடிகிற வரைக்கும் ஒரு கொக்கியும் வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். நாலு நாளாக மனசுக்குள் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்துவிட்டான். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை, முத்தஷ்ஷரின் குரல் முதீஃபின் கடைசி ஆள் வரை கேட்டது.

“முன்னூறு! அபூ ரியாம், முன்னூறுக்குக் கீழ போகுது! வாடை வர ஆரம்பிச்சிருச்சு! தெற்கு வால்வை இப்பதான் திறந்தேன்! என்ன பண்ணட்டும்? நிறுத்தவா? சொல்லித் தொலையேன்!”

ஜாசிபுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மூக்கிலேயே வார்னிஷ் வாடை அடித்தது. அந்த மோட்டார், அந்த நிமிஷம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

“இந்த ஏசியை நிறுத்துங்க, ஷேக்! ஒரு மணி நேரம்! லைன்ல இருக்குற எல்லாரும் ஒரு மணி நேரம் கழட்டணும்! இப்பவே!”

யாரோ சிரித்துவிட்டார்கள். ஷேக்கும் சிரித்தார், நிம்மதியாக. பெரிதாக ஏதோ கேட்கப் போகிறான் என்று அவரும் பயந்துதான் இருந்திருப்பார்.

“இவ்வளவுதானா? லஃப்தா, சொல்லு எல்லாருக்கும். ஒரு மணி நேரம். என் வார்த்தைன்னு சொல்லு.”

லஃப்தா போனில் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். ஆறு ஏசியும் மூச்சை விட்டு நின்றன. ஜாசிப் வெயிலில் கம்பம் கம்பமாக ஏறித் தட்டிய கொக்கிகளை, ஷேக் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இறக்கிவிட்டார். இரண்டு நிமிஷத்தில் முத்தஷ்ஷர் கத்தினார்: “முன்னூத்தி நாப்பது! அறுபது! எழுபது! ஆள் பொழைச்சுக்கிட்டான், அபூ ரியாம்! வாடை போயிருச்சு!”

“கேட்டது கெடைச்சுதா?” என்றார் ஷேக்.

“கெடைச்சுது.”

“அப்போ குடி.”

கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் ஜாசிபுக்கு உறைத்தது, தான் எதைக் கேட்டிருக்கலாம், எதைக் கேட்டுத் தொலைத்தோம் என்று. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது; குடித்துத்தான் ஆக வேண்டும். குடித்தான். ஆறிப்போய்க் கசந்தது. இனி அந்த ஒயர்களில் அவன் கை வைத்தால் வாக்கு மாறியவன் ஆவான். அப்போது மீனோடு நிற்காது.

பத்து நிமிஷத்தில் கூடம் அடுப்பாகிவிட்டது. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “என்னய்யா கேட்டான் இவன்!” என்று முணுமுணுத்தபடி வெளியேறினார்கள். படியில் நின்று லஃப்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஜாசிப் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். முள் முன்னூற்று எழுபத்திரண்டு. மோட்டார் பாடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவன் மீட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முத்தஷ்ஷர் டீ கொடுத்தார், வாங்கிக் கீழே வைத்தான்.

மூன்றரைக்கு ரியாம் கூப்பிட்டாள்.

“அப்பா! வந்துருச்சு! கேளுங்க, கேளுங்க!” என்று போனைத் தொட்டிக்குள் நீட்டினாள். தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். “மாமி வாயே திறக்கல! முதல்ல புள்ளையைக் குளிப்பாட்டப் போறேன்!”

“சீக்கிரம் பிடிச்சு வச்சுக்கோம்மா. எல்லாப் பாத்திரத்துலயும் பிடி,” என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு முள் அசைந்தது. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம், ஒரு நிமிஷம் கூடவுமில்லை குறையவுமில்லை. முன்னூற்று அறுபது. முன்னூற்று நாற்பத்தைந்து. முன்னூற்று இருபது. கொக்கிகள் ஒவ்வொன்றாக ஏறுவதை அவனால் எண்ண முடிந்தது. இதோ இந்தப் பெரிய இறக்கம் ஷேக்கின் ஆறு ஏசி. மோட்டார் சுருதி இறங்கி உறுமத் தொடங்கியது. முத்தஷ்ஷர் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்தார். ஜாசிபின் முகத்தைப் பார்த்தார்.

மூங்கில் கழி மூலையில் சாய்ந்திருந்தது. ஜாசிப் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அதைத் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, வீசி எறிந்தான்.

முன்னூற்று மூன்று.

“நாசமாப் போங்க எல்லாரும்!” என்று சொல்லித் தன் கையாலேயே மோட்டாரை நிறுத்தினான்.

சத்தம் அடங்கியதும் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். எதிரே முள் நகர்ந்தது. கீழே இல்லை, மேலே. முன்னூற்று முப்பது, முன்னூற்று ஐம்பது, முன்னூற்று எழுபது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த லைனில் அதிகம் தின்கிறது அவன் மோட்டார்தான், அது நின்றால் மற்றவர்களுக்கு மிச்சம்; திரும்பக் கிளப்பினால் அடுத்த நொடியே முள் மறுபடி கீழேதான். இருபத்தாறு வருஷ வேலையில் இது தெரியாதவனா? தெரிந்தும், முள் அப்படி ஜம்மென்று எழுபத்திரண்டில் போய் நின்றதைப் பார்த்தபோது அவனுக்கு அந்த மீட்டரைச் சுவரிலிருந்து பிய்த்து எறியலாம்போல இருந்தது.

போன் அடித்தது. லஃப்தா.

“அபூ ரியாம், என் கண்ணு, உன் கைக்கு ஒரு முத்தம்! என்ன பண்ணுனே? கரண்ட் சும்மா பிச்சிக்கிட்டுப் போகுது! ஏசியெல்லாம் ஐஸ் மாதிரி! ஷேக் உன்னைப் பாராட்டிக்கிட்டே இருக்காரு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே என்ன? இப்படியே வச்சிரு, கை வைக்காதே.”

“சரி, ஹஜ்ஜி.”

“இன்னொண்ணு. நாளைக்குப் புதுக் குஞ்சு வருது. தொட்டியெல்லாம் கழுவிக் காயப்போட்டாச்சு. நாலு தொட்டியும் நிறையணும். குழாயில காத்துதான் வருது. தண்ணி எப்போ விடுவே?”

ஜாசிப் முள்ளைப் பார்த்தான்.

“கரண்ட்தான் தாராளமா இருக்கே, ஹஜ்ஜி. அதையே பிடிச்சு ஊத்துங்க.”

லஃப்தா விழுந்து விழுந்து சிரித்தார். அதைத் தமாஷ் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது, அவர்களும் சிரித்தார்கள். ஜாசிப் அழைப்பைத் துண்டித்தான்.

மடியில் வைக்கவில்லை, அதற்குள் மறுபடி அடித்தது.

“அப்பா,” என்றாள் ரியாம். பின்னால் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. “சோப்பு போட்டுட்டேன்ப்பா, நின்னு போச்சு. தொட்டியில கால்வாசி கூட ஏறல. மாமி பாத்துக்கிட்டு நிக்குறாங்க. எப்போப்பா வரும்?”

முத்தஷ்ஷர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் முன்னூற்று எழுபத்திரண்டில் ஆடாமல் அசையாமல் நின்றது.

“கரண்ட் நல்லா இருக்கும்மா,” என்றான் ஜாசிப்.